நான் வேகம் வாங்கின கதை

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு வரக்கூடிய வியாதிகளைப் பற்றி வைத்திய சாஸ்திரம் எவ்வளவோ சொல்லியிருக்கிறது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முழங்கால் வலி, சொன்னதையே திருப்பிச் சொல்லுதல் முதலியவை அவற்றில் முக்கியமானவை. ஆனால் 2019-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எனக்கு வந்த வியாதியைப் பற்றி எந்த வைத்தியரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதற்கு நானே 'வேகப் பைத்தியம்' என்று நாமகரணம் செய்திருக்கிறேன்.

என்னுடைய மோட்டார் வண்டி 2012-ல் வாங்கியது. அதன் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். ஆகையால் அடையாளம் மட்டும் சொல்லுகிறேன். நாலு சிலிண்டர், 1197 சி.சி., 84 குதிரைச் சக்தி. சேலம் பட்டணத்து வீதிகளில் கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கார்களை எண்ணினால் அவற்றில் ஒன்றாவது அதன் உடன்பிறப்பாயிருக்கும். ஏழு வருஷ காலம் அது என்னை ஆபீஸுக்கும், என் மனைவியைக் கடைவீதிக்கும், என் பெண்ணைக் கல்லூரிக்கும், என் தாயாரைக் கோயிலுக்கும் சுமந்தது. ஒரு நாளும் அதன் மீது எனக்குக் குறை தோன்றினதில்லை.

குறை தோன்றியது ஓமலூர் ரஸ்தாவில். ஒரு நாள் காலையில், முன்னால் போன லாரியைத் தாண்டுவதற்காக நான் மூன்றாவது கியரில் முக்கி முனகிக் கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு புது வண்டி வந்தது. 'விர்'ரென்று என்னையும் தாண்டிற்று, லாரியையும் தாண்டிற்று, கண்ணுக்கு மறைந்துவிட்டது. வண்டிக்காரர் வேறு யாருமில்லை. ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் ஆபீஸுக்குள் நுழைந்ததும் அவர், "என்ன சார், வண்டியைத் தள்ளிக்கொண்டா வந்தீர்கள்?" என்று கேட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வியாதி அந்த நிமிஷமே இரத்தத்தில் கலந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து எனக்குச் சம்பள பாக்கி 40,000 ரூபாய் கைக்கு வந்தது. சமையலறைக்குப் புது அலமாரி போடவேண்டும் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். தன் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பது பெண்ணின் அபிப்பிராயம். வீட்டுத் தலைவன் என்ற முறையில் நான் இரண்டு அபிப்பிராயங்களையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் அதிகாலையில் ஒருவரிடமும் சொல்லாமல் வேறொரு பட்டணத்துக்குப் புறப்பட்டேன். வண்டிகளுக்கு வேகம் ஏற்றும் கடை ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

கடையில் இருந்த வாலிபன் மிகுந்த மரியாதையுள்ளவன். என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி வரவழைத்துக் கொடுத்தான். பிறகு சொன்னான்: "சார், முதல் படியில் மூன்று காரியம். காற்று வடிகட்டியை மாற்றவேண்டும். அப்போது என்ஜின் தாராளமாக மூச்சு இழுக்கும். சைலன்ஸரை மாற்றவேண்டும், தாராளமாக மூச்சு விடும். கடைசியாக என்ஜினுடைய கம்ப்யூட்டர் மூளைக்குப் புதுப் பாடம் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்கு ரீமாப் என்று பெயர். அப்புறம் பாருங்கள், உங்கள் வண்டியை நீங்களே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது!"

மூச்சைப் பற்றிய இந்தத் தத்துவம் என்னை முழுவதும் ஆட்கொண்டது. பிராணாயாமத்தின் பெருமையை எடுத்துரைத்த தேசத்தில் பிறந்தவனல்லவா? காற்று வடிகட்டி 5,500 ரூபாய், சைலன்ஸர் 12,000 ரூபாய், ஆக 17,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரீமாப்புக்கு 22,000 ரூபாய் ஆகும் என்றும், ஜூன் மாதம் வந்தால் செய்து தருவதாகவும் வாலிபன் சொன்னான்.

திரும்பி வரும்போது என் வண்டி சிங்கம் போல் கர்ஜித்தது. ரஸ்தாவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் மதிப்பு இருந்ததாக அப்போது நினைத்தேன். வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் என் மனைவி, "நீங்கள் வருகிறது ஐந்து ரோட்டிலேயே தெரிந்துவிட்டது. சாதத்தை வடித்து வைத்துவிட்டேன்" என்று சொன்னாள். எதிர்வீட்டு நாய் அன்று முதல் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது.

என் பெண் இயந்திர சாஸ்திரம் படிக்கிறவள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு நேரான ரஸ்தாவுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாள். "அப்பா, மூன்றாவது கியரிலே நாற்பதிலிருந்து எண்பது வரைக்கும் போங்கள்" என்றாள். போனேன். திரும்பவும் போனேன். நாலு தடவை போனபிறகு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பது வினாடி" என்றாள்.

"முன்னே எவ்வளவு?" என்று ஆவலோடு கேட்டேன்.

"போன தீபாவளிக்கு விளையாட்டாக எடுத்து வைத்தேன். அப்போதும் ஒன்பது வினாடிதான்."

பிறகு காரணத்தையும் சொன்னாள். கார்க் கம்பெனிக்காரன் வைத்திருந்த காற்றுக்குழாய் வண்டியின் முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்தது. நான் வாங்கிப் போட்ட வடிகட்டி திறந்த வடிகட்டி. அது என்ஜினுக்குப் பக்கத்திலுள்ள சூடான காற்றை இழுக்கிறது. காற்று பத்து டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்துபோகும். அடர்த்தி குறைந்தால் பிராணவாயு குறையும். பிராணவாயு குறைந்தால் சக்தி குறையும். அதாவது ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுத்துவிட்டேன். சைலன்ஸரில் அதிகப்பட்டது சப்தம் ஒன்றுதான். காதுக்கு வேகமாகத் தோன்றுவதற்கும் சக்கரத்துக்கு வேகம் வருவதற்கும் சம்பந்தம் கிடையாது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. "எல்லாம் ரீமாப் செய்தால் சரியாய்ப் போய்விடும்" என்று எண்ணிக்கொண்டேன்.

* * *

மே மாதத்தில் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போனோம். சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் ஏறுவதற்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் நானும் பெண்ணும். பின்னால் என் மனைவியும், எழுபத்தெட்டு வயதான என் தாயாரும். ஏறும்போது சிங்கத்தின் கர்ஜனை மலையெல்லாம் எதிரொலித்தது. எனக்குப் பரம திருப்தி.

இறங்கும்போது என் சிக்கன புத்தி விழித்துக் கொண்டது. மலை இறக்கந்தானே, என்ஜின் எதற்கு என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வந்தேன். பல வருஷங்களாகவே எனக்கு இது வழக்கம். பெட்ரோல் மிச்சம் என்று பெருமையும் உண்டு. மற்ற நாட்களில் மெதுவாக இறங்குவேன். அன்று வேகப் பைத்தியமும் சேர்ந்துகொண்டபடியால், ஒவ்வொரு வளைவுக்கும் விரைந்து வந்து, கடைசி நிமிஷத்தில் பலமாகப் பிரேக் போட்டேன்.

பன்னிரண்டாவது வளைவுக்குக் கீழே ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. "யாரோ குப்பை கொளுத்துகிறார்கள்" என்றேன். ஒன்பதாவது வளைவில் பிரேக் மிதி சற்று மெத்தென்று இருந்தது. ஏழாவது வளைவுக்கு முன்னால் காலை வைத்தேன். மிதி தரையோடு தரையாக அமுங்கிவிட்டது. வண்டி நிற்கவில்லை.

அந்த இரண்டு மூன்று வினாடிகளை வர்ணிக்க எனக்குச் சக்தி போதாது. முன்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் ஒரு சிறு சுவர். சுவருக்கு அப்பால் ஆகாயம். "அப்பா, கியர்! கியர்!" என்று பெண் கத்தினாள். எப்படியோ மூன்றாவது கியரில் தள்ளினேன், என்ஜின் அலறிற்று. இரண்டாவதில் தள்ளினேன், இன்னும் பெரிதாக அலறிற்று. கால் தானாகவே மிதியைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தது. பெண் கைப்பிரேக்கை இழுத்தாள். பின்சக்கரங்கள் சரளைக் கல்லில் சோப்பு மாதிரி வழுக்கின. ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன். வண்டி சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கி, மண்மேட்டில் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து என் தாயார் கண்ணைத் திறந்து, "என்னடா, வீடு வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அவள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன், கோபமே இல்லை.

பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து, பிரயாணிகள் நாலு பேரைக் கூட்டி வண்டியைச் சாக்கடையிலிருந்து தூக்கிவிட்டார். முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் ஆறட்டும், சார். பிரேக் திரும்பி வந்துவிடும். அப்புறம் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். மலையிலே எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில்தான் இறங்கவேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் பிரேக் திரும்பி வந்தது. ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

* * *

மறுநாள் எங்கள் பழைய மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் அறுபது வயதுப் பெரியவர். அம்பாஸடரையும் பிரீமியர் பத்மினியையும் பிரித்துப் பூட்டிய கை. என் புது சைலன்ஸரைப் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, "சார், இதைப் பாருங்கள்" என்றார். டிகிரி காப்பி டிக்காஷன் மாதிரி கறுத்துக் கிடந்தது.

"எப்போது மாற்றினீர்கள்?"

"மாற்றவேண்டுமா?" என்றேன்.

பாய் பெருமூச்சு விட்டார். பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். அதில் அவர் சொன்னதையும், அன்று இரவு என் பெண் கணக்குப் போட்டுக் காட்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மோட்டார் வைத்திருக்கும் நேயர்கள் தயவு செய்து கவனிக்கவேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. 'டாட் 4' என்ற ரகத்தில் புதிய ஆயில் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது விதி. நூற்றுக்குச் சுமார் நாலு பங்கு ஈரம் ஏறிவிட்டாலோ, அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்கமுடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே கால் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகும்; பிரேக்கும் வந்துவிடும். ஒன்றுமே நடவாதது போல் இருக்கும். இதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றவேண்டும் என்பது. நான் ஏழு வருஷம் மாற்றவில்லை.

சரி, அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? மலைமேலிருந்து சேலம் வரையில் ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம். நாலு பேரோடும் மூட்டை முடிச்சோடும் வண்டி சுமார் 1,250 கிலோ. அந்தப் பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் சக்தி முழுவதும் சூடாக மாறினால், ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துவிடும்! கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நான் நியூட்ரலில் இறங்கினபடியால், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லாத இரண்டு இரும்பு வட்டுகள் தலையில் அதைக் கட்டினேன். இவ்வளவுக்கும் நான் மிச்சம் பிடித்த பெட்ரோல் ஒன்றுமே கிடையாதாம். இந்தக் காலத்து என்ஜின்கள், கியரில் இறங்கும்போது, காலை எடுத்துவிட்டால் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் பெட்ரோல் குடிக்கிறது. என் சிக்கனத்தின் லட்சணம் இப்படி!

பாய் அடுத்தபடியாக டயரண்டை உட்கார்ந்தார். பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு எண்களைக் காட்டினார்: 1012. அதாவது 2012-ம் வருஷம் பத்தாவது வாரத்தில் பிறந்த டயர். அதன் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் உண்டு; ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அதற்குமேல் ஓட்டக்கூடாது என்று பொருள். என் டயர்களில் மேடு எது, பள்ளம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ரப்பரும் காய்ந்து கட்டையாயிருந்தது. காற்று முப்பது பவுண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்திரண்டுதான் இருந்தது.

"வண்டி எவ்வளவு பெரிசாயிருந்தால் என்ன, சார்? ரோட்டைத் தொடுகிறது நாலே இடத்தில். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஓடுகிறதும் அதில்தான், திரும்புகிறதும் அதில்தான், நிற்கிறதும் அதில்தான்" என்றார் பாய்.

பிறகு முன்பக்கத்து மூலையை ஒரு அழுத்து அழுத்திக் கையை எடுத்தார். வண்டி ஒரு முறை எழும்பி நிற்பதற்குப் பதிலாக, தலையாட்டிப் பொம்மை போல் மூன்று முறை ஆடிற்று. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். சக்கரத்தை ரஸ்தாவோடு ஒட்ட வைப்பது அதன் வேலை. அது போய்விட்டால் சக்கரம் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

"வேகம் வேண்டும் என்கிறீர்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற எண்பத்துநாலு குதிரைக்கு முதலில் கொள்ளு வையுங்கள். அப்புறம் புதுக் குதிரை வாங்கலாம்" என்று முடித்தார்.

* * *

அன்றிரவு நானும் என் பெண்ணும் காகிதமும் பென்ஸிலுமாக உட்கார்ந்தோம். கையில் மீதி 22,500 ரூபாய். அதை எதில் செலவிட்டால் வண்டி உயர்வு பெறும் என்பது கேள்வி.

முதலில் ரீமாப்பைப் பற்றி விசாரித்தோம். அதைப் பற்றி நான் அநியாயமாகப் பேச விரும்பவில்லை. டர்போ என்னும் காற்றழுத்தி பொருத்திய வண்டிகளில் அதனால் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூடச் சக்தியைக் கூட்டலாம். அழுத்தத்தை ஏற்றிவிட்டால் போதும். என்னை ஓமலூர் ரஸ்தாவில் தாண்டிப்போனவரின் வண்டி அந்த ரகம். என்னுடையது தானாகவே மூச்சு இழுக்கும் சாதாரண என்ஜின். அதில் 84 குதிரை 88 ஆகலாம். நல்ல அதிர்ஷ்டமிருந்தால் 89. நாலைந்து குதிரைகளுக்கு 22,000 ரூபாய்!

"அப்பா, சக்தியை நூற்றுக்கு ஐந்து கூட்டுவதும், எடையை நூற்றுக்கு ஐந்து குறைப்பதும் வேகம் எடுப்பதில் ஏறக்குறைய ஒன்றுதான்" என்றாள் பெண். உடனே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய் வண்டியின் பின்பெட்டியைத் திறந்தோம். உள்ளே கண்டெடுத்தவை: பழைய பத்திரிகைக் கட்டு இரண்டு, என் மனைவி 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த பத்து லிட்டர் தண்ணீர் டின் இரண்டு, முந்திய வருஷத்துப் பொங்கல் பானை, தேங்காய்ச் சாக்கு ஒன்று, யாருடையதென்று இன்றுவரை தெரியாத ஒரு இரும்பு மேஜைக் கால். எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் நிறுத்தோம். ஐம்பத்தோரு கிலோ. ஒரு காலணா செலவில்லாமல் நாலு குதிரை கிடைத்துவிட்டது!

அடுத்தபடியாக நிற்பதைப் பற்றிக் கணக்குப் போட்டோம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எண்பதுக்குப் போனால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. நல்ல டயரும் நல்ல பிரேக்கும் உள்ள வண்டி, உலர்ந்த ரஸ்தாவில் அறுபதிலிருந்து நிற்பதற்குச் சுமார் 18 மீட்டர் தூரம் போதும். எண்பதிலிருந்து சுமார் 32 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கி வைப்பதற்குள் ஒரு வினாடி போய்விட்டால், அதற்கு மேலும் பதினேழோ இருபத்திரண்டோ மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். டயரின் பிடிப்பு பாதியாகிவிட்டால் நிற்கும் தூரம் இரட்டிக்கும். என்னுடைய வழுக்கை டயர்களோடு மழை நாளில் நான் எத்தனை பள்ளிக்கூட வாசல்களைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கிற்று.

இன்னொரு சரித்திரமும் அன்றிரவு படித்தேன். இங்கிலாந்தில் 1959-ம் வருஷம் 'மினி' என்ற குட்டிக் கார் வெளிவந்தது. 848 சி.சி., 34 குதிரைச் சக்தி. குடும்பஸ்தர்கள் கடைக்கும் ஆபீஸுக்கும் போவதற்காக ஏற்பட்டது. பந்தயக் கார்கள் கட்டிப் பேர்பெற்ற ஜான் கூப்பர் அதைப் பார்த்து இதற்கு வேகம் ஏற்றலாம் என்று சொல்ல, 1961-ல் 'மினி கூப்பர்' பிறந்தது. 997 சி.சி., 55 குதிரை. ஆனால் அவர்கள் என்ஜினைப் பெரிதாக்கின அதே கையோடு முன்சக்கரத்து டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக்கையும் வைத்தார்கள். 1963-ல் சக்தியை இன்னும் ஏற்றி 'கூப்பர் எஸ்' செய்தபோது டிஸ்க்கையும் இன்னும் பெரிதாக்கினார்கள். அந்தக் குட்டிக் கார்தான் 1964, 1965, 1967 ஆகிய வருஷங்களில் மாண்டி கார்லோ பந்தயத்தில் தன்னைவிடப் பெரிய வண்டிகளைத் தோற்கடித்தது. அந்தப் பந்தயமும் மலைப்பாதையில்தான், பனி வேறு. வேகத்தைத் தொழிலாகக் கொண்ட மனிதர்களே பிரேக்கை மறக்கவில்லை. நான் மறந்தேன்.

ஆக, பட்டியல் தயாராயிற்று. பிரேக் ஆயில், முன்சக்கரத்துப் பேடு, பின்சக்கரத்து டிரம்மைத் துப்புரவு செய்து சரிபார்த்தல், கூலி உள்பட 3,200 ரூபாய். முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் 4,600 ரூபாய். நாலு புது டயர், அலைன்மெண்டு உள்பட 14,400 ரூபாய். மொத்தம் 22,200.

டயர் விஷயத்தில் மட்டும் எனக்குப் பழைய சபலம் தலைகாட்டிற்று. அகலமாகவும் ஜோராகவும் இருக்கட்டுமே என்றேன். என் வண்டியின் அளவு 165/80 ஆர் 14. அதே வண்டியின் விலை உயர்ந்த ரகத்தில் 185/65 ஆர் 15 போட்டு வருகிறது. இரண்டின் மொத்த உயரத்தையும் கணக்குப் போட்டால் 620 மில்லிமீட்டர், 621 மில்லிமீட்டர். இப்படி உயரம் மாறாமலிருந்தால்தான் வேகமானி பொய் சொல்லாது. ஆனால் அதற்குச் சக்கர வளையமும் புதிதாக வாங்கவேண்டும். பெரிய வளையம் கனமாயிருந்தால் என்ஜினுக்கும் பாரம், ஷாக் அப்சார்பருக்கும் பாரம். "அதே அளவிலேயே நல்ல டயராகப் போடுங்கள், சார். அகலத்தைவிட ரப்பர்தான் முக்கியம்" என்று பாய் தீர்ப்பளித்தார். அப்படியே செய்தேன்.

காற்று வடிகட்டியையும் சைலன்ஸரையும் கழற்றிவிட்டுப் பழையவற்றையே பூட்டச் சொன்னேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த வண்டியின் லட்சணத்தை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நான் வேகம் வாங்கப் புறப்பட்டதோ அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்னால். பத்திரிகை படிக்கிறவன் என்று பெயர்!

கடைசியில் மிஞ்சின 300 ரூபாய்க்கு எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கினேன். அலமாரியையும் கம்ப்யூட்டரையும் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை.

* * *

செப்டம்பரில், நல்ல மழைக்குப் பிறகு, மறுபடியும் ஏற்காட்டுக்குப் போனோம். என் மனைவி வருவதற்குத் தயங்கினாள், நான் கட்டாயப்படுத்தவில்லை. புறப்படுகிற நேரத்தில் தானாகவே வந்து ஏறிக்கொண்டாள்.

அந்தப் பிரயாணத்தில் ஓர் ஆச்சரியத்தைக் கண்டேன். என்ஜினில் ஒரு குதிரையும் கூடவில்லை. ஆனாலும் வண்டி முன்னைவிட வேகமாக இருந்தது. வளைவுகளில் சாயவில்லை, ஈர ரஸ்தாவில் அலைபாயவில்லை. காலை வைத்த இடத்தில் நின்றது. நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தபடியால், போகவேண்டிய இடத்தில் தயக்கமில்லாமல் போகமுடிந்தது. இத்தனை நாளும் நான் மெதுவாகப் போனதற்குக் காரணம் என்ஜினில் இல்லை. வண்டி அடங்குமோ அடங்காதோ என்ற பயம் காலில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்கினேன். ஏழாவது வளைவில் மண்மேட்டில் எங்கள் வண்டி தேய்த்த தழும்பு மழையில் கரைந்துபோயிருந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வளைவைத் தாண்டியதும் என் மனைவி பின்னாலிருந்து, "ஒரு பாட்டுப் போடுங்களேன்" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு தாராளமாக வந்தது.

மோட்டார் வைத்திருக்கும் நேயர்களுக்கு, முக்கியமாக வீட்டில் வாலிபப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு, நான் செலவழித்துக் கற்ற வரிசையை இனாமாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் இருக்கிற வண்டியைப் புது வண்டியின் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு டயர். பிறகு பிரேக். பிறகு ஷாக் அப்சார்பர். இதற்கிடையில் பின்பெட்டியைக் காலி செய்யுங்கள். இவ்வளவும் ஆனபிறகும் ஆசை அடங்காவிட்டால், சட்டத்தையும் இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தையும் ஒரு முறை படித்துவிட்டு என்ஜினிடம் போங்கள். அநேகமாகப் போகமாட்டீர்கள்.

இப்பொழுது அந்த வண்டியை என் பெண்தான் ஓட்டுகிறாள். படிப்பு முடிந்து உத்தியோகமாகிவிட்டது. வேலையிலிருந்து திரும்ப இரவு எட்டு மணியாகும். மழை நாட்களில் நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பேன். சைலன்ஸர் பழையபடி சாதுவாகிவிட்டபடியால் ஐந்து ரோட்டில் திரும்பும்போதே சப்தம் கேட்பதில்லை. கேட்டுக்குள் விளக்கு வெளிச்சம் விழுந்து, வண்டி சப்தமில்லாமல் வந்து நின்ற பிறகுதான் தெரியும். உள்ளே போய், "வந்துவிட்டாள், சாதம் போடலாம்" என்று சொல்வேன்.